போர் நடக்கும்போதே ஊர் கூடிப் பேச: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் சிறு நகரம் ஒன்றில் வாழ்ந்துகொண்டு, தம் வரிப்பணத்தில் நடக்கும் அல்லது தம் அரசு ஆயுதம் கொடுத்து நடத்தும் ஒரு போரைப் பற்றி அக்கம்பக்கத்தாரோடு வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று நினைத்தும், அதை எங்கே எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஈராக் போர்க் காலம் தொட்டு எங்கள் ஊர் நூலகக் கூடத்திலும் தேவாலயத்தின் கீழ்த்தளத்திலும் இத்தகைய கூட்டங்களை நடத்துவதில் பங்கெடுத்து வந்திருக்கிறேன். கண்டனப் பேரணி நடத்துவது எப்படி என்று இங்கே சொல்லப் போவதில்லை. அதற்கு வேண்டிய திறமைகள் வேறு. வெவ்வேறு கருத்துடையவர்கள் ஒரே கூரையின் கீழ் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவர் முழுதாகக் கேட்டு, வந்தபோது தெரிந்திருந்ததைவிடச் சற்று அதிகம் தெரிந்துகொண்டு வீடு திரும்பும் கூட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

முடிந்துபோன போரை வரலாறாகப் பேசலாம். நடந்துகொண்டிருக்கும் போரை அப்படிப் பேச முடியாது. காலையில் அச்சடித்த தகவல் மாலைக்குள் பழையதாகிவிடும். களத்தில் பிள்ளையை வைத்திருக்கும் தாய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். குண்டு விழும் நகரத்தில் பிறந்தவர் கதவருகே நின்றிருப்பார். ஆனாலும் முடிவுகள் இன்னும் எடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் நேரமும் அதுதான். நிதி ஒதுக்கும் வாக்கெடுப்பு அடுத்த மாதம் வரலாம், போர்நிறுத்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். ஊர் பேசுவதற்கு மிகவும் கடினமான அந்த வேளையில்தான் ஊரின் பேச்சுக்குப் பயனும் அதிகம்.

ஆன் ஆர்பரில் ஓர் இரவு

இவ்வகைக் கூட்டத்துக்கு முன்மாதிரி தேடுபவர்கள் 1965ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 2 அன்று வட வியட்நாம் மீது அமெரிக்கா தொடர் குண்டுவீச்சைத் தொடங்கியது. மார்ச் 8 அன்று அமெரிக்க மரைன் படையினர் தென் வியட்நாமின் தா நாங் நகரில் கரையிறங்கினர். ஆன் ஆர்பர் நகரிலுள்ள அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் சிலர், ஒரு நாள் வகுப்புகளை நிறுத்திவிட்டுப் போரைப் பற்றி மட்டும் பேசப்போவதாக அறிவித்தனர். மாநில ஆளுநர் ஜார்ஜ் ராம்னி, சட்டமன்றத்தார், பல்கலைக்கழக நிர்வாகம் என எல்லாப் பக்கமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. வியட்நாமில் நடப்பது சரியா தவறா என்பதை விட்டுவிட்டு, பாடம் நடத்தச் சம்பளம் வாங்குபவர்கள் பாடத்தை நிறுத்தலாமா என்று எல்லோரும் வாதிடத் தொடங்கினர். அப்போது மானிடவியல் பேராசிரியர் மார்ஷல் சாலின்ஸ் ஒரு மாற்று வழி சொன்னார். வகுப்பை நிறுத்த வேண்டாம், அதற்குப் பதிலாக ஓர் இரவு முழுவதும் கூடுதலாக வகுப்பு நடத்துவோம் என்பதே அது. 'டீச்-இன்' என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது.

மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு ஏஞ்சல் ஹாலில் தொடங்கிய கூட்டம் மறுநாள் காலை எட்டு மணி வரை நீடித்தது. மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். மாணவியர் விடுதிக்கு இரவு திரும்ப வேண்டிய நேரக் கட்டுப்பாடு அன்றைக்குத் தளர்த்தப்பட்டது. போரை ஆதரித்த மாணவர்களும் பதாகைகளோடு வந்திருந்தனர். வெடிகுண்டு மிரட்டல் வந்து அரங்கத்தைக் காலி செய்ய நேர்ந்தபோது, கடுங்குளிரில் வெளியே நின்றபடியே பேச்சைத் தொடர்ந்தார்கள். விரிவுரைகள் முடிந்ததும் வந்தவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து விடியும்வரை விவாதித்தனர். இரண்டு நாளில் கொலம்பியா பல்கலைக்கழகம் இதைப் பின்பற்றியது. அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இது பரவியது.

அன்றைய அமைப்பாளர்கள், போரோடு தொடர்பில்லாத ஒரு சச்சரவு போரைப் பற்றிய பேச்சை விழுங்கிவிடாதபடி கூட்டத்தின் வடிவத்தையே மாற்றினார்கள். நீங்களும் இதைச் செய்ய வேண்டிவரும். கூட்டத்தின் பெயர், இடம், நடத்துபவரின் கட்சி அடையாளம் ஆகியவற்றில் எதன்மேலாவது சண்டை மூண்டால், அதை விட்டுக்கொடுத்துவிட்டுப் பேசவேண்டிய பொருளைக் காப்பாற்றுங்கள்.

கேள்வியை வகுத்துக்கொள்ளுதல்

முதல் வேலை, கூட்டம் எந்தக் கேள்வியைப் பேசப்போகிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்வது. 'இந்தப் போர் நியாயமா' என்பது பெரிய கேள்விதான், ஆனால் அதைக் கேட்டவுடன் ஒவ்வொருவரும் ஏற்கெனவே தயாராக வைத்திருக்கும் விடையை எடுத்து நீட்டிவிடுவார்கள், அதன்பிறகு இரண்டு மணி நேரமும் அந்த விடைகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வெர்மான்ட் மாநிலத்துக்காரர்கள் 2005இல் கேட்ட கேள்வி எனக்குப் பாடமாக அமைந்தது. அம்மாநிலத்தில் மார்ச் மாத முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்ட நாள். பள்ளி வரவுசெலவு, சாலைப் பனியகற்றும் வண்டி வாங்குவது போன்றவற்றை வாக்காளர்கள் நேரில் கூடித் தீர்மானிக்கும் நாள் அது. ஊர் வாக்காளர்களில் ஐந்து சதவீதத்தினர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால் புதிய பொருள் ஒன்றை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கோரலாம். அந்த ஆண்டு மார்ச் 1 அன்று பல ஊர்கள் ஈராக் போரை இவ்வழியில் எடுத்துக்கொண்டன. மாநிலந்தோறும் உள்ள பகுதிநேரப் படையான தேசியக் காவல்படையில் இருந்து ஈராக்குக்கு அனுப்பப்பட்டவர்கள் அதே ஊர்களின் தீயணைப்புத் தொண்டர்கள், செவிலியர், ஆசிரியர், இயந்திரம் பழுதுபார்ப்பவர்கள். அவர்கள் இல்லாமல் ஊர் எப்படி நடக்கிறது, வெள்ளம் வந்தால் யார் வருவார்கள், இந்த அனுப்புதலால் மாநிலத்துக்கு ஏற்படும் விளைவுகளைச் சட்டமன்றம் ஆராய வேண்டாமா என்ற திசையிலிருந்து அவர்கள் போருக்குள் நுழைந்தார்கள். படைகளைத் திருப்பி அழைக்கும்படி கேட்கும் பகுதியும் அத்தீர்மானத்தில் இருந்தது. ஏறத்தாழ ஐம்பது ஊர்களில் அது நிறைவேறியது. 'வெளியுறவுக் கொள்கை ஊர்க்கூட்டத்தின் வேலையல்ல' என்று சொல்லி எழுந்து போகக்கூடியவர்களும் உட்கார்ந்து பேசும்படி கேள்வி அமைந்திருந்தது என்பதே இதில் முக்கியம்.

ஆகவே உங்கள் ஊருக்கும் போருக்கும் இடையில் உண்மையாக ஓடும் இழை எது என்று பாருங்கள். ஊரில் ஆயுத உதிரிபாகத் தொழிற்சாலை இருக்கலாம். அகதிக் குடும்பங்கள் வந்து சேர்ந்திருக்கலாம். உங்கள் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர் நிதி ஒதுக்கும் குழுவில் இருக்கலாம். அந்த இழையைப் பிடித்துக் கேள்வியை எழுதுங்கள். எழுதிய கேள்வியைப் போரை ஆதரிக்கும் ஒருவரிடமும் எதிர்க்கும் ஒருவரிடமும் காட்டி, இது தமக்கு வைத்த பொறி போலத் தோன்றுகிறதா என்று கேளுங்கள். இருவரும் இல்லை என்று சொல்லும்வரை சொற்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நடத்துபவர்கள் யார்

ஐந்து முதல் ஏழு பேர் போதும். ஆனால் அவர்கள் அனைவரும் ஒரே கருத்துடைய நண்பர்களாக இருந்தால், எவ்வளவு நேர்மையாக நடத்தினாலும் ஊர் அதை அவர்களுடைய கூட்டமாகத்தான் பார்க்கும். போர் பற்றிய அரசின் முடிவை மனமார ஆதரிக்கும் ஒருவர், முன்னாள் படைவீரர் அல்லது படைவீரரின் குடும்பத்தவர் ஒருவர், போர் நடக்கும் நாட்டோடு இரத்த உறவுடைய ஒருவர் ஆகிய மூவர் கிடைக்கும்வரை தேதி குறிக்காதீர்கள். இதற்கு இரண்டு மாதம் ஆகலாம். அந்த இரண்டு மாதத்தில் நடக்கும் தேநீர்ச் சந்திப்புகளே பாதிக் கூட்டத்துக்குச் சமம் என்பது என் அனுபவம். துண்டறிக்கையில் எல்லாருடைய பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும்.

இடத்தைப் பொறுத்தவரை பொது நூலகமே முதல் தேர்வு. நூலகக் கூடங்களை இலவசமாகத் தருவது வழக்கம், ஆனால் கூட்டம் எல்லோருக்கும் திறந்ததாக இருக்க வேண்டும், கட்டணம் வாங்கக்கூடாது, மூடும் நேரத்துக்கு முன்பே நாற்காலிகளை அடுக்கிவிட வேண்டும் என்பன போன்ற விதிகள் இருக்கும்; எழுதிவாங்கிப் படித்துவிடுங்கள். நூலகம் இடம் தருகிறதே தவிர எந்தக் கருத்தையும் ஆதரிக்கவில்லை என்று துண்டறிக்கையில் ஒரு வரி சேர்த்தால் நூலகருக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் குறையும். தேவாலயமோ தொண்டு நிறுவனமோ இடம் கொடுத்தால், வேட்பாளர் எவரையும் ஆதரித்தோ எதிர்த்தோ அந்த மேடையில் பேச வரிச்சட்டம் அந்நிறுவனங்களை அனுமதிப்பதில்லை என்பதைத் தேர்தல் ஆண்டில் மறந்துவிடக்கூடாது.

தேதி குறிக்கும்போது நாட்காட்டியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும். ரமலான் மாதத்தில் மாலைக் கூட்டம் நோன்பு திறக்கும் நேரத்தோடு மோதும். மேற்காசியப் போர் ஒன்றைப் பேசக் கூட்டம் கூட்டிவிட்டு, அதில் பேச மிகவும் உரிமையுள்ள இரு சாராரையும் தேதியாலேயே வெளியே நிறுத்திவிடும் பிழை எளிதாக நேர்ந்துவிடுகிறது.

தகவல் தாள்

கூட்டத்துக்கு வருபவர் கையில் இரண்டு பக்கத் தாள் ஒன்று இருக்க வேண்டும். நிகழ்வுகளின் கால வரிசை, ஒரு வரைபடம், இதுவரை ஆன செலவு, உயிரிழப்பு, இனி வரவிருக்கும் அரசு முடிவுகள் ஆகியவை போதும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது, எப்படி எண்ணியது என்று எழுதியாக வேண்டும்.

எப்படி எண்ணியது என்பதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2006 அக்டோபரில் ஈராக் உயிரிழப்புக்கு இரண்டு எண்கள் ஒரே நேரத்தில் உலவின. ஈராக் பாடி கவுன்ட் என்ற திட்டம் சொன்ன எண் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின் மதிப்பீடு ஆறு இலட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேல். இரு எண்களையும் ஏந்தியவர்கள் ஒருவரையொருவர் பொய்யர் என்றார்கள். முதலாவது, முக்கியமாகச் செய்திகளில் பதிவான பொதுமக்களின் வன்முறைச் சாவுகளை ஒன்றொன்றாகச் சேர்த்த கணக்கு. பதிவாகாத சாவு அதில் வராது. இரண்டாவது, வீடுவீடாகச் சென்று எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து, போர் நடக்காதிருந்தால் இறந்திருக்கக்கூடியவர்களைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று கணித்த மதிப்பீடு. போராளிகளும் அதில் அடங்குவர், அதன் முறைமீது ஆய்வாளர்களிடையே கடும் விவாதமும் நடந்தது. இந்த விளக்கம் தாளில் நான்கு வரி பிடிக்கும். ஆனால் அந்த நான்கு வரி இருந்தால், கூட்டத்தில் ஒருவர் ஓர் எண்ணைச் சொல்லும்போது, 'அது எதை எண்ணிய எண்?' என்று மற்றவர் கேட்கப் பழகுவார். கோபமில்லாமல் கேட்கக்கூடிய கேள்வி அது.

தாளை அச்சிடுவதற்கு முன் அமைப்பாளர்களில் எதிரெதிர்க் கருத்துடைய இருவர் வரிக்கு வரி படித்துக் கையெழுத்திட வேண்டும். இருவரும் உடன்படாத வரியை நீக்க வேண்டியதில்லை. சர்ச்சைக்குரியது என்ற தலைப்பின் கீழ் இரு தரப்பு வாதத்தோடும் அதை வைத்துவிடலாம்.

பேச்சாளர்களும் காலி நாற்காலியும்

மூன்று பேருக்கு மேல் அழைக்காதீர்கள், ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மேடையிலிருந்து வரும் பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், வந்தவர்கள் பேச வந்ததை மறந்து கேட்டுவிட்டுப் போகிறவர்களாகிவிடுவார்கள்.

போர் நடக்கும் மண்ணை நேரில் அறிந்தவர் ஒருவராவது மூவரில் இருக்க வேண்டும். ஆன் ஆர்பரில் பேசியவர்களில் ஒருவரான ராபர்ட் பிரௌன், வியட்நாமில் அமெரிக்க உதவித் திட்டத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய பொருளியலாளர். மற்ற எவரும் நூல்களிலிருந்து சொல்லக்கூடியதை அவர் அங்கு வாழ்ந்த நினைவிலிருந்து சொல்ல முடிந்தது.

அரசின் தரப்பைப் பேச ஆள் கிடைப்பது எப்போதும் கடினம். 1965 மே 15 அன்று வாஷிங்டனில் நடந்த தேசிய டீச்-இன்னுக்கு அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டி வர ஒப்புக்கொண்டு, கடைசி நேரத்தில் வராமல் போனார். வானொலித் தொடர்பு வழியே நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் கேட்டுக்கொண்டிருந்த அந்த நிகழ்வில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஸ்கலபினோ அரசின் கொள்கைக்காக வாதிட்டார். அடுத்த வாரம் மே 21, 22 தேதிகளில் அவருடைய சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே முப்பத்தாறு மணி நேரக் கூட்டம் நடந்தது. முப்பதாயிரம் பேர் வரை வந்துபோனதாக மதிப்பிடப்படுகிறது. அங்கே பேச ஸ்கலபினோ மறுத்துவிட்டார். வெளியுறவுத் துறையும் ஆள் அனுப்பவில்லை. அத்துறைக்காக ஒதுக்கியது என்று எழுதி ஒட்டிய காலி நாற்காலியை மேடையில் வைத்தார்கள்.

ஒரே மனிதர் ஒரு வாரத்தில் ஒரு மேடைக்குப் போய் மற்றொரு மேடைக்குப் போக மறுத்ததை, கூட்டம் நடத்தும் ஒவ்வொருவரும் நின்று யோசிக்க வேண்டும். வாஷிங்டனில் இரு தரப்புக்கும் பேச வழி வகுக்கப்பட்டிருந்தது. பெர்க்லியில் பேச வந்தவர்களில் பெரும்பாலோர் போரை எதிர்த்தவர்கள். காலி நாற்காலி கைதட்டலைப் பெற்றுத்தரும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த நாற்காலியில் உட்காரக்கூடியவர் அடுத்த கூட்டத்துக்கும் வராமல் போவதற்கு அதுவே காரணமாகிவிடும் என்பதால் நான் அதை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அதிகாரி வரவில்லையென்றால், அரசின் முடிவைத் தானே உண்மையாக நம்பும் உள்ளூர்க்காரர் ஒருவரை, ஓய்வுபெற்ற படை அதிகாரியையோ வரலாற்று ஆசிரியரையோ தேடிப் போய்க் கேளுங்கள். அவருக்கு முதலில் பேசவேண்டுமா கடைசியில் பேசவேண்டுமா என்ற தெரிவையும் கொடுங்கள்.

நெறியாளரும் ஒலிவாங்கியும்

வெர்மான்ட் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்கள் அடங்கிய நியூ இங்கிலாந்து பகுதியின் ஊர்க்கூட்டங்களில் நெறியாளருக்கு உள்ள மரபுகள் இரண்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நெறியாளர் பொருளைப் பற்றித் தம் கருத்தைச் சொல்வதில்லை. பேசுபவர் எவரும் மற்றவரை நேரடியாக விளித்துப் பேசாமல் நெறியாளரை நோக்கியே பேச வேண்டும். 'நீ சொன்னது பொய்' என்பது 'நெறியாளர் அவர்களே, சற்று முன் சொல்லப்பட்டதோடு நான் உடன்படவில்லை' என்று மாறும்போது, சொல்பவரின் குரலே தாழ்ந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். உங்கள் ஊர்க்கூட்டத்தையோ பள்ளிக் குழுவையோ நடத்திப் பழகியவர் ஒருவரை நெறியாளராகக் கேளுங்கள்; போர் பற்றிய நிபுணர் அந்த வேலைக்கு வேண்டாம்.

நாங்கள் நடத்திய முதல் கூட்டத்தில் கையை முதலில் தூக்கியவருக்கு ஒலிவாங்கியைக் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் பேசியவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் பேசிப் பழகியவர்கள், அனைவரும் ஆண்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி கடைசிவரை கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தார். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதுதான் அவருடைய மகன் ஈராக்கில் இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் கடிதத்தில் இருந்ததை ஊர் கேட்கவில்லை. அது எங்கள் பிழை.

அதன்பிறகு நாங்கள் பின்பற்றும் முறை இது. நுழைவாயிலில் பேச விரும்புவோர் எண்ணட்டை எடுத்துக்கொள்வார்கள். அட்டைகள் குலுக்கி எடுக்கப்படும். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம். எல்லா அட்டைகளும் முடியும்வரை எவருக்கும் இரண்டாம் முறை கிடையாது. கைதட்டலும் கூச்சலும் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வோம், ஏனெனில் ஒருவருக்கு விழும் பலத்த கைதட்டல் அடுத்தவரின் வாயை அடைத்துவிடுகிறது. நேரம் முடிந்ததை மணியடித்துச் சொல்வதைவிட, முன்வரிசையில் ஒருவர் மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டுவது பேசுபவரை அவமதிக்காமல் இருக்கிறது.

பேச்சாளர்கள் முடித்தவுடன் இந்தப் பொது விவாதத்துக்குப் போகாமல், நடுவே நாற்பது நிமிடம் எட்டெட்டுப் பேர் கொண்ட வட்டங்களாகப் பிரிந்து உட்காருங்கள். வட்டத்தில் முதல் சுற்று முழுக்க ஒவ்வொருவரும் குறுக்கீடின்றிப் பேசட்டும். இந்தப் போர் என்னை எங்கே தொடுகிறது என்பது மட்டுமே அச்சுற்றின் பொருள். இரண்டாவது சுற்றில் மற்றவர் சொன்னதைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். மேடைப் பேச்சுக்கு அஞ்சுபவர்கள் வட்டத்தில் பேசிவிடுகிறார்கள். அப்படிப் பேசியவர்களில் பலர் பிறகு துணிந்து அட்டையும் எடுக்கிறார்கள்.

துயரம் அறைக்குள் வரும்போது

போரில் உறவினரை இழந்தவர் வருவார் என்று எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். இதில் எனக்குப் பெரிதும் வழிகாட்டியது இஸ்ரேலிலும் பாலஸ்தீனத்திலும் இயங்கும் பேரன்ட்ஸ் சர்க்கிள் என்ற அமைப்பு. அந்த மோதலில் நெருங்கிய உறவினரைப் பறிகொடுத்த இரு பக்கக் குடும்பங்களும் சேர்ந்த இவ்வமைப்பு 1995இல் தொடங்கப்பட்டது. இஸ்ரேலியர் ஒருவரும் பாலஸ்தீனர் ஒருவருமாக இணைந்து சென்று, பள்ளி மாணவர்கள் முன்னும் பெரியவர்கள் முன்னும் தம் இழப்பைச் சொல்வது அவர்கள் வழக்கம். முதலில் இறந்தவர் யார், எப்படிப்பட்டவர் என்று சொல்வார்கள். அரசியல் அதன் பின்னரே வரும்.

நம் கூட்டங்களில் அடிக்கடி நடக்கும் தவறு, துயருற்றவரை ஒரு தரப்பின் சாட்சியாக்கிவிடுவது. அவர் பேச விரும்புகிறாரா என்று முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள். பேசுவதாக இருந்தால் நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள், பேசி முடித்ததும் அரை நிமிடம் அமைதியாக இருங்கள், அவரை நோக்கி எந்தக் கேள்வியும் வராதபடி நெறியாளர் பார்த்துக்கொள்ளட்டும். அருகில் ஒரு சிறிய அறையைத் திறந்து வைத்து, அங்கே தண்ணீரும் துணைக்கு ஒருவரும் இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

அதே போல ஒருவர் பிறந்த நாட்டின் அரசு செய்ததற்கு அவரைப் பதில் சொல்ல வைக்கக்கூடாது. ரஷ்யாவிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன் வந்து இங்கே மருந்துக்கடை நடத்துபவரிடம் மாஸ்கோவின் முடிவுக்கு விளக்கம் கேட்பது, கேட்பவருக்கு விவாதமாகத் தோன்றலாம். அவருக்கோ அது விசாரணை. தாமாக முன்வந்து சொன்னால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு

கட்டடத்தின் வெளியேறும் வழிகள், மிரட்டல் வந்தால் யார் முடிவெடுப்பார், எங்கே கூடுவது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அமைப்பாளர் அனைவரிடமும் கொடுங்கள். காவல்துறைக்குத் தகவல் சொல்வதா, காவலர்கள் சீருடையில் வருவதா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள், ஏனெனில் வாயிலில் நிற்கும் சீருடை சிலருக்குத் துணிவையும் வேறு சிலருக்கு அச்சத்தையும் தரும்.

குடியுரிமை பெறாதவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 2025இல் காசா போர் தொடர்பான வளாகப் போராட்டங்களில் பங்கேற்ற வெளிநாட்டு மாணவர்கள் சிலரின் விசா இரத்துச் செய்யப்பட்டது, சிலர் கைது செய்யப்பட்டனர். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருக்கும் நம்மவர்கள் மேடையேறுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்வது நல்லது. நடத்துபவர்களின் கடமையும் இதில் உண்டு. படமெடுக்கும் பகுதி, எடுக்காத பகுதி என்று அறையைப் பிரித்துவிடுங்கள். வருகைப் பதிவில் பெயர் எழுதுவது கட்டாயமில்லை என்று அறிவியுங்கள். ஒலிப்பதிவு இருந்தால் அதை வாயிலிலேயே எழுதி வையுங்கள்.

போர் நடக்கும் இடத்திலேயே, துப்பாக்கி ஏந்தியவர்கள் நடுவில் இப்படிப் பேசுவது முற்றிலும் வேறானது என்பதைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர் ராஜினி திராணகம, மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர்; எல்லா ஆயுதத் தரப்புகளின் வன்முறையையும் பதிவு செய்தவர். 1989 செப்டம்பர் 21 அன்று மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த வழிகாட்டியில் உள்ளதைத் தூரத்து ஊரொன்றின் நூலகக் கூடத்துக்கு உரியதாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். போர்க்களத்துக்குள் வாழும் உறவினர்களிடம் இதே போலச் செய்யச் சொல்லி எவரும் வற்புறுத்தக்கூடாது.

தீர்மானம் போடலாமா

முதல் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று யாராவது எழுந்து சொல்வார்கள். சிகாகோ நகர மன்றத்தின் இரண்டு வாக்கெடுப்புகளை அவர்களுக்குச் சொல்லுங்கள். 2003 ஜனவரி 16 அன்று ஈராக் மீது முன்கூட்டியே போர் தொடுப்பதை எதிர்க்கும் தீர்மானம் அங்கே 46க்கு 1 என்று நிறைவேறியது. 2024 ஜனவரி 31 அன்று காசாவில் போர்நிறுத்தம் கோரும் தீர்மானம் 23க்கு 23 என்று சமநிலையில் நின்று, மேயர் பிராண்டன் ஜான்சன் தம் வாக்கை அளித்த பின்பே நிறைவேறியது. இடையில் பார்வையாளர் பகுதியைக் காலி செய்யவும் வேண்டியிருந்தது. முதலாவது, நகரம் ஏறத்தாழ ஒருமனதாக இருந்ததைச் சொல்லியது. இரண்டாவது, நகரம் பாதியாகப் பிளந்திருந்ததைச் சொல்லியது. அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மைதான், நிறைவேற்றியது தவறென்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் நகர மன்றம் வாக்களிக்கவென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட அவை. உங்கள் நூலகக் கூட்டத்துக்கு வந்தவர்கள் தோற்பதற்கு ஒப்புக்கொண்டு வரவில்லை. 40க்கு 38 என்று வாக்கெடுத்து முடித்தால் அந்த 38 பேரும் அடுத்த முறை வரமாட்டார்கள்.

தீர்மானம் வேண்டுமென்பவர்கள் வெர்மான்ட்காரர்களைப் போலக் கையெழுத்துத் திரட்டி ஊர்க்கூட்டத்துக்கோ நகர மன்றத்துக்கோ தனியாகக் கொண்டுபோகட்டும். மார்ச் மாத ஊர்க்கூட்டம் என்றால் மனுக்கள் ஜனவரியிலேயே சேர வேண்டியிருக்கும். ஊர் எழுத்தர் அலுவலகத்தில் கெடுவைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை

வட்டங்களில் குறிப்பெடுத்தவர்கள் மறுநாளே சந்தித்து, எல்லோரும் உடன்பட்டவை, உடன்படாதவை, விடை தெரியாமல் நின்ற கேள்விகள் என்று மூன்று பட்டியல் எழுத வேண்டும். பெயர்கள் வேண்டாம். அதை அதே கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், ஊர்ச் செய்தித்தாளுக்கு ஒரு படி கொடுங்கள், காங்கிரஸ் உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் இருவர் நேரில் சென்று கொடுங்கள். அந்த இருவரும் எதிரெதிர்க் கருத்துடையவர்களாக இருந்தால் அலுவலகத்தில் உட்கார வைத்துக் கேட்பார்கள். நாங்கள் அப்படிச் சென்றபோது பத்து நிமிடம் என்று சொல்லியிருந்த சந்திப்பு முக்கால் மணி நேரம் நீண்டது.

மூன்றாவது பட்டியலை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன் ஆர்பர் கூட்டத்துக்கும் அமெரிக்கப் படைகள் வியட்நாமை விட்டு வெளியேறிய 1973க்கும் இடையே எட்டு ஆண்டுகள் ஓடின. நீங்கள் பேசும் போரும் உங்கள் முதல் கூட்டத்தைத் தாண்டி நீளக்கூடும். விடை தெரியாமல் நின்ற கேள்விகளில் ஒன்றை எடுத்து அடுத்த துண்டறிக்கையின் முதல் வரியாக எழுதி, நூலகத்தில் ஆறு வாரம் கழித்து ஒரு மாலையைப் பதிவு செய்துவிட்டு வாருங்கள்.